பழைய புல்லட்டின் புகைக்குழாய்: பழுதுபார்ப்பதா, தேடி வாங்குவதா, புதிதாகச் செய்வதா?

பெரியப்பாவிடமிருந்து எனக்கு வந்த 1971ஆம் ஆண்டு புல்லட் 350இன் சைலன்சரை, மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் அடிப்பக்கமாகத் தட்டிக்கொண்டே வந்தேன். முன்பாதியில் ‘ணங்’ என்று ஒலித்தது, பின்பாதிக்கு வந்ததும் ‘சொத்’ என்றது. இன்னும் ஒரு தட்டுத் தட்டியதும் கட்டைவிரல் நுழையும் அளவுக்குத் தகடு அப்பளமாக நொறுங்கி உள்ளே விழுந்தது. மேற்பக்கத்தில் க்ரோம் முகம் பார்க்கும்படி பளபளத்துக்கொண்டிருக்க, கீழே துருவைத் தவிர வேறு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. இந்த நிலையில் நிற்பவருக்கு நான்கு வழிகள் உண்டு: இருப்பதைப் பழுதுபார்த்து மறுபடியும் க்ரோம் பூசுவது, எங்கேனும் விற்காமல் கிடக்கும் அந்தக் காலத்துக் கம்பெனிச் சரக்கைத் தேடிப் பிடிப்பது, கடையில் கிடைக்கும் டூப்ளிகேட்டை வாங்கி மாட்டுவது, பட்டறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதிதாகச் செய்து வாங்குவது. நான்கையும் வெவ்வேறு அளவில் முயன்று பார்த்தபின் எனக்குத் தெளிந்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் பேசுவது வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய புல்லட்டைப் பற்றி மட்டுமே. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்து, 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் சென்னையில் தொடங்கப்பட்ட பிறகு திருவொற்றியூர் ஆலையிலிருந்து பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் வெளிவந்த அந்த 346 சிசி எஞ்சினில், சிலிண்டர் வார்ப்பிரும்பு, அதன் மேல்மூடியான ஹெட் அலுமினியம். ஹெட்டிலிருந்து புகையை வாங்கிக் கீழே இறக்கும் பெண்ட் பைப், ஹெட்டின் துவாரத்துக்குள் வெறுமனே செருகப்பட்டிருக்கும். அந்த இடத்தில் இறுக்கிப் பிடிக்க நட்டோ போல்ட்டோ கிடையாது. பின்னால் வந்த ஏவிஎல், யூசிஇ எஞ்சின்களில் இரண்டு ஸ்டட்டுகளும் (திருகுக் கம்பிகள்) ஃபிளேஞ்சும் (விளிம்புத் தகடு) சேர்ந்து பைப்பைப் பிடித்துக்கொள்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு நான் கீழே கவலைப்படப்போகும் விஷயங்களில் பாதி பொருந்தாது.

கடைகளில் ‘எக்ஸாஸ்ட் செட்’ என்று பெண்ட் பைப்பையும் சைலன்சரையும் ஒன்றாகக் கட்டி விற்பதால், இரண்டையும் ஒரே பொருளாக எண்ணி ஒரே முடிவை எடுத்துவிடுகிறோம். முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது, ஏனெனில் இரண்டும் கெட்டுப்போகும் விதமே வேறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. எஞ்சினை ஒட்டியிருக்கும் பெண்ட் பைப் சில நிமிடங்களில் கொதித்துவிடுவதால் அங்கே ஈரம் தங்குவதில்லை. நீண்டு கிடக்கும் சைலன்சரின் பின்பாதி சூடேறக் காலம் பிடிக்கும். காய்கறி வாங்கப் போய் வரும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் அது வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. அந்தக் குளிர்ந்த தகட்டில் படியும் தண்ணீர், புகையிலுள்ள அமிலத்தோடும் கரியோடும் சேர்ந்து தாழ்வான இடத்தில் தேங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வருகிறது. வண்டியை அதிகம் ஓட்டாமல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து நிமிடம் கிளப்பி நிறுத்தி வைக்கும் பழக்கம் சைலன்சருக்கு எமன். நாள்தோறும் நாற்பது கிலோமீட்டர் ஓடும் வண்டியின் சைலன்சர் அதைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும். ஆகவே சைலன்சர் தேய்ந்து தீரும் பொருள், டயரைப் போல. பெண்ட் பைப் அப்படியன்று. வெளியே க்ரோம் உரிந்து அசிங்கமாக இருந்தாலும், உட்சுவர் பெரும்பாலும் நலமாகவே இருக்கும்.

முடிவெடுக்கும் முன் இரண்டையும் கழற்றித் தனித்தனியே சோதித்துவிட வேண்டும். பெண்ட் பைப்பில் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: ஹெட்டுக்குள் நுழையும் முனை, வளைவின் வெளிப்புறம், சைலன்சருக்குள் செருகப்பட்டிருந்த கடைசி இரண்டு அங்குலம். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலர் கவனிப்பதில்லை. இரண்டையும் இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்ப்புக்கு அடியில் ஈரம் சிக்கிக்கொள்வதால், மற்ற இடமெல்லாம் உறுதியாக இருந்தாலும் அங்கே மட்டும் சுவர் காகிதமாக மெலிந்திருக்கும். என் பைப்பில் அப்படித்தான் இருந்தது. லேத் பட்டறையில் அந்த இரண்டு அங்குலத்தை அறுத்தெடுத்து, அதே வெளிவிட்டமுள்ள புதுக் குழாய்த் துண்டை வைத்து ஆர்கான் வெல்டிங் செய்து, தழும்பை அரத்தால் ராவிச் சமன்படுத்திக் கொடுத்தார்கள். சைலன்சருக்குள் மறைந்துவிடும் இடம் என்பதால் வெளியே ஒட்டுப்போட்ட அடையாளமே தெரியாது.

இதுவே சைலன்சராக இருந்தால் ஒட்டுப்போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓட்டை விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள தகடும் அதே வயதில், அதே அரிப்பில் இருக்கும். கேஸ் வெல்டிங்கின் நெருப்பு பட்டதும் ஓட்டை சிறிதாவதற்குப் பதில் பெரிதாகிக்கொண்டே போகும். வெல்டர் பொறுமைசாலியாக இருந்து மேலே ஒரு பட்டைத் தகடு வைத்து அடைத்துவிட்டாலும், உள்ளே சத்தத்தை அடக்கும் தடுப்புத் தகடுகளான பேஃபிள்கள் தளர்ந்து கிலுகிலுப்பையாக ஆடிக்கொண்டிருந்தால் அந்த உழைப்பு வீண்தான். ஆறு மாதத்தில் ஒட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை வரும். வண்டியைக் காட்சிக்கு வைப்பவர், அந்த ஆண்டுக்குரிய அசல் சைலன்சர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர் ஆகியோருக்கு மட்டும், அடிப்பக்கத் தகட்டை நீளவாக்கில் முழுமையாக அறுத்துப் புதுத் தகடு வைக்கும் பெரிய வேலை பொருந்தும். அதைச் செய்யத் தெரிந்த கைகள் குறைவு, கூலியும் புதிய சைலன்சரின் விலையைத் தாண்டிவிடும்.

பழுதுபார்த்ததற்கு மேல் க்ரோம் பூசுவது தனிக் கதை. நம் கண்ணில் படும் க்ரோம் ஒரு மைக்ரான் கனம்கூட இருக்காது. துருவைத் தடுப்பது அதற்கு அடியிலுள்ள நிக்கல் பூச்சு. நிக்கலுக்கு அடியில் செம்பும் பூசினால் சிறு குழிகள் நிரம்பி மேற்பரப்பு வழவழப்பாக வரும். விலை குறைத்துச் சொல்லும் பிளேட்டிங் கடையில் எதைக் குறைப்பார்கள் என்றால் நிக்கலைத்தான், ஏனென்றால் க்ரோம் போட்டபின் அது எவ்வளவு கனம் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. அடுத்த ஐப்பசி மழையில்தான் தெரியும். உள்ளே கரியும் எண்ணெயும் இருந்தால் அவை பூச்சுத் தொட்டியைக் கெடுக்கும் என்பதால், நல்ல பிளேட்டர்கள் சுத்தம் செய்யாத புகைக்குழாயை வாங்கவே மறுப்பார்கள். அப்படி மறுப்பவரிடமே கொடுப்பது நல்லது. பூச்சுக்கு முன்னால் நடக்கும் பஃபிங்கில் துருவோடு சேர்ந்து நல்ல இரும்பும் தேய்ந்து போகிறது. 16 கேஜ் குழாய் என்றால் சுவர் ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர், 18 கேஜ் என்றால் 1.2 மில்லிமீட்டர். முதலாவது இரண்டு மூன்று முறை மறுபூச்சைத் தாங்கும். இரண்டாவதை ஏற்கெனவே ஒருமுறை தேய்த்திருந்தால், வளைவின் வெளிப்புறத்தில் இன்னொரு முறை தேய்க்க இடமே இருக்காது, ஏனெனில் குழாயை வளைத்தபோதே அந்தப் பக்கம் இழுபட்டு மெலிந்துவிட்டது. இந்தக் கணக்கைப் பார்த்தபின்தான் பெண்ட் பைப்பைப் பூச்சுக்கு அனுப்ப வேண்டும்.

இரண்டாவது வழி, அதாவது அந்தக் காலத்துக் கம்பெனிச் சரக்கைத் தேடுவது, மனத்துக்கு மிகவும் பிடித்த வழி; கைக்கு எட்டுவது அரிது. சென்னையில் புதுப்பேட்டையின் சந்துகளிலும், டெல்லியில் கரோல் பாகிலும் புல்லட் சாமான்கள் மலையாகக் கிடக்கின்றன. அவற்றில் ஒரு பழைய காகிதம் சுற்றிய, கிரீஸ் காய்ந்துபோன பெண்ட் பைப் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடலாம். வளைவு சரியாக இருக்கும், செருகும் முனையின் விட்டம் சரியாக இருக்கும், வண்டியோடு பிணைக்கும் தாங்கியின் துளை இழுக்காமல் கொள்ளாமல் உட்காரும். ஆனால் சைலன்சர் அப்படிக் கிடைத்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஓடாமல் கிடந்ததாலேயே அது புதிது ஆகிவிடாது. கடற்காற்று வீசும் ஊரில், முனைகள் அடைக்கப்படாமல் இருபது ஆண்டு பரண்மேல் கிடந்த சைலன்சரின் உட்புறம், ஓடிய சைலன்சரைவிட மோசமாக இருக்கக்கூடும். செங்குத்தாகப் பிடித்து ஒருமுறை தரையில் மெல்லக் குத்திப் பார்த்தால் போதும்: துருச் செதிள்கள் கைப்பிடியளவு கொட்டினால் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம். ‘ஒரிஜினல் சார்’ என்ற சொல்லுக்கு அந்தச் சந்துகளில் மூன்று பொருள் உண்டு. கம்பெனியே செய்தது, கம்பெனிக்குச் செய்து கொடுத்தவர் தனியாகவும் விற்றது, விலை கூடிய டூப்ளிகேட். எந்தப் பொருளில் சொல்கிறார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, தூக்கி எடை பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரும்பாலானோர் போய்ச் சேருவது மூன்றாவது வழியான டூப்ளிகேட்டுக்குத்தான். அதில் இழிவு ஒன்றும் இல்லை. இன்று ஓடிக்கொண்டிருக்கும் பழைய புல்லட்டுகளில் மிகப் பல, இத்தகைய சைலன்சரோடுதான் ஓடுகின்றன. இதில் தகட்டின் கனத்தைவிட அளவின் துல்லியம்தான் பெரிய பிரச்சினை. நான் முதலில் வாங்கிய டூப்ளிகேட் சைலன்சரில், பின்தாங்கியின் தகடு வண்டியிலுள்ள துளைக்கு ஏறக்குறைய முக்கால் அங்குலம் உள்ளே தள்ளியிருந்தது. “போல்ட்டைப் போட்டு இறுக்கினா தானா வந்துரும் சார்” என்றார் கடைக்காரர். வந்துவிட்டது. ஐந்தாவது வாரம் திண்டிவனம் தாண்டியதும் பின்னால் ஏதோ தேய்க்கும் ஓசை கேட்டு நிறுத்திப் பார்த்தால், தாங்கித் தகட்டின் வெல்டு விட்டுப்போய், சைலன்சரின் வால் தார்ச்சாலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பஞ்சர் கடையில் கட்டுக்கம்பி வாங்கிக் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். வெல்டு விட்டதுகூடப் பரவாயில்லை. இழுத்துப் பிடித்த அந்த ஐந்து வாரமும் சைலன்சர் ஒரு நெம்புகோலாக நின்று, பெண்ட் பைப்பின் மேல்முனையை ஹெட்டின் துவாரத்துக்குள் கோணலாக அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. கழற்றியபோது துவாரத்தின் ஒரு பக்கத்தில் அலுமினியம் மின்னிக்கொண்டிருந்தது. இரும்புக் குழாய் தேய்த்த தேய்ப்பு.

எனவே டூப்ளிகேட் வாங்கப் போகிறவர் பழைய சைலன்சரைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். இரண்டையும் கடையின் தரையிலேயே பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, முன்முனையிலிருந்து தாங்கித் துளை வரையுள்ள தூரத்தையும், தாங்கி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதையும் அளந்துகொண்டால் என் கதை இன்னொருவருக்கு வராது. செருகும் முனை உருண்டையாக இருக்கிறதா, முட்டை வடிவில் நசுங்கியிருக்கிறதா என்று வெர்னியரால் இரண்டு திசையிலும் அளக்கலாம். பின்முனை வழியாகக் கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தால், மறுமுனை நேராகத் தெரிகிறதா, நடுவில் பேஃபிள் தகடுகள் மறைக்கின்றனவா என்பது விளங்கும். தாங்கியின் வெல்டு தொடர்ச்சியான வரியாக இருக்க வேண்டும். நான்கு புள்ளி மட்டும் வைத்திருந்தால், மாட்டுவதற்கு முன்பே நம் வெல்டரிடம் காட்டி முழுமையாக்கிக்கொள்ளலாம். அடிப்பக்கத்தின் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடியச் சிறு துளை இல்லாவிட்டால், மூன்று மில்லிமீட்டர் டிரில்லால் ஒன்று போட்டுக்கொள்வது என் வழக்கம்.

டூப்ளிகேட் பெண்ட் பைப்பைப் பற்றி என் கருத்து கடுமையானது: அசல் பைப் உயிரோடு இருக்கும்வரை அதை வாங்கத் தேவையில்லை. அதன் வளைவு கொஞ்சம் பிசகினாலும் சைலன்சர் மொத்தமாக இடம் மாறிவிடும். புல்லட்டின் கிக் லீவரும், இந்தப் பழைய வண்டிகளில் கியர் லீவரும் சைலன்சர் இருக்கும் அதே வலப்பக்கத்தில்தான் இருக்கின்றன. கிக்கர் முழுதாக இறங்கும்போது குழாயில் இடிக்குமா என்று, மாட்டிய உடனே கையால் மெதுவாக இறக்கிப் பார்க்காதவர், முதல் உதையில் க்ரோமில் ஒரு பள்ளத்தோடு தெரிந்துகொள்வார்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றதும் ‘வாழ்நாளுக்கும் கவலையில்லை’ என்று ஒரு மயக்கம் வந்துவிடுகிறது, எனக்கும் வந்தது. நல்ல 304 தரத்தில், 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட குழாயில் செய்தால் அந்த மயக்கத்தில் உண்மையும் நிறையவே இருக்கிறது: பூச்சு இல்லை, உரிவதற்கு ஒன்றும் இல்லை, சைலன்சரின் உள்ளரிப்பும் வெகுவாகக் குறைகிறது. ஆனால் பட்டறைகளில் கைப்பிடிக் கம்பிக்கும் கேட்டுக்கும் வாங்கி வைத்திருக்கும் குழாய் பெரும்பாலும் 202 தரம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய உலோகம் அது. பார்வைக்கு வேறுபாடு தெரியாது, துருவைத் தாங்குவதில் வேறுபாடு உண்டு. காந்தத்தை வைத்துப் பார்ப்பதும் இதில் உதவாது, ஏனென்றால் இரண்டுமே காந்தத்தை ஏறக்குறைய ஈர்ப்பதில்லை. அதேபோல, காந்தம் ஒட்டும் 409 தரத்தைக் கார் கம்பெனிகள் புகைக்குழாய்க்கே பயன்படுத்துகின்றன. ஒட்டுவதாலேயே அது போலி ஆகாது. குழாய் வாங்கிய ரசீதில் தரம் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதே நடைமுறையில் செய்யக்கூடியது.

வளைப்பது அடுத்த கேள்வி. உள்ளே தண்டு விட்டு வளைக்கும் மாண்ட்ரல் இயந்திரத்தில் வளைத்த குழாய் வளைவிலும் உருண்டையாகவே இருக்கும். சாதாரண பைப் பெண்டரில் வளைத்தால் உட்பக்கம் சுருக்கம் விழுந்து வழி குறுகும். பழைய முறைப்படி காய்ந்த மணலை இறுகத் திணித்து, சூடேற்றி, நிதானமாக வளைக்கத் தெரிந்தவர் கிடைத்தால் அதுவும் நன்றாகவே வரும். மணலில் ஈரம் துளியும் இருக்கக் கூடாது. பல பட்டறைகளில் ஆயத்த வளைவுத் துண்டுகளை வாங்கி ஐந்தாறு இடங்களில் வெல்டு செய்து ஒட்டிக் கொடுப்பார்கள். அப்படிச் செய்யும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கான் வாயுவை ஓடவிடாமல் வெல்டு செய்தால், உட்பக்கத்து வெல்டு கருகிப் பொரிந்து சர்க்கரைக் கட்டிபோல ஆகிவிடும்; பிற்காலத்தில் விரிசல் தொடங்குவது அங்கேதான். இன்னொன்று, சூட்டில் ஸ்டெயின்லெஸ் நீளும் அளவு அதிகம். ஒரு மீட்டர் நீளக் குழாய் 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சாதாரண இரும்பு சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். 304 ஸ்டெயின்லெஸ் ஐந்து மில்லிமீட்டர் நீளும். செருகல் இணைப்புகளை மொத்தமாக வெல்டு வைத்து ஒரே துண்டாக்கிவிட்டால், நீள இடமில்லாத அந்த நீளம் போய் இடிப்பது ஹெட்டின் துவாரத்தில். ஆகவே ஸ்டெயின்லெஸ் செய்தாலும், சைலன்சர் தனி, பைப் தனி, நடுவில் கிளாம்ப் என்ற பழைய அமைப்பை விடக் கூடாது. ஓட ஓட முன்பகுதி பொன்னிறமாகிப் பிறகு நீலம் பாய்வதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். சிலருக்கு அது அழகு. 1971ஆம் ஆண்டு வண்டியில் எனக்கு அது வேட்டிக்கு மேல் கட்டிய டை மாதிரி தெரிகிறது.

‘பஞ்சாப்’, ‘இந்தூரி’ என்ற பெயர்களில் தொங்கும், உள்ளே ஒன்றுமில்லாத வெடிச் சைலன்சர்களை நான் ஒரு வழியாகக் கணக்கில் சேர்க்கவில்லை. சட்டம் ஒரு காரணம்: ஒலி வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்; கூடவே மூன்று மாதம் ஓட்டுநர் உரிமமும் போகும். எஞ்சின் இன்னொரு காரணம். 70 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்டு, நிமிடத்துக்கு 5,625 சுற்றில் 18 குதிரைத்திறன் தரும்படி வடிவமைத்த எஞ்சின், புகை தடையில்லாமல் வெளியேறினால் புலியாகிவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை. கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றாமல் வெடிச் சைலன்சரை மாட்டினால் கலவையில் பெட்ரோல் குறைந்து, பிளக் வெள்ளையாகி, பெண்ட் பைப் நீலம் பாய்ந்து, எஞ்சின் தேவையில்லாமல் சூடேறும். ஜெட்டைப் பெரிதாக்கினாலோ புகைச் சான்றிதழில் மாட்டிக்கொள்ளலாம். 2000ஆம் ஆண்டு மார்ச்சுக்கு முன் செய்த இருசக்கர வண்டிக்குக்கூடக் கார்பன் மோனாக்சைடு 4.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

இத்தனை ஒப்பீட்டுக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கடைக்குப் போகும் முன்பே கேட்டுவிட வேண்டும். ஹெட்டின் துவாரம் எந்த நிலையில் இருக்கிறது? ஐம்பது ஆண்டு அதிர்வில் இரும்புக் குழாய் அலுமினியத்தைத் தேய்த்து, வட்டமாக இருந்த துவாரம் நீள்வட்டமாகியிருக்கும். அதில் எவ்வளவு விலையுள்ள பைப்பைச் செருகினாலும் ஆடும். ஆட்டம் இருந்தால் அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும்; திராட்டிலை மூடிச் சரிவில் இறங்கும்போது, எரியாமல் வந்த கலவை அந்தக் காற்றோடு சேர்ந்து குழாய்க்குள் ‘டப் டப்’ என்று வெடிக்கும். இதைக் கேட்ட மெக்கானிக் நேராகக் கார்புரேட்டரிடம் போய்க் கலவைத் திருகைத் திருப்ப ஆரம்பிப்பார். நன்றாக இருந்த கார்புரேட்டரும் அன்றோடு கெடும். வெடிப்பு கேட்டால் முதலில் துவாரத்தைச் சுற்றிக் கரிக்கோடு படிந்திருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

துவாரம் தேய்ந்திருந்தால் செய்யக்கூடியவற்றிலும் தரவரிசை உண்டு. குளிர்பான டப்பாவின் அலுமினியத் தகட்டைக் கத்தரித்துக் குழாயின் முனையில் ஒரு சுற்றுச் சுற்றிச் செருகுவது பழைய சாலையோர வைத்தியம். தகடு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான் என்பதால் சிறு ஆட்டத்துக்கு வியக்கத்தக்க வகையில் வேலை செய்யும், ஆனால் நிரந்தரமன்று. சிவப்பு சிலிக்கான் பசை 300 டிகிரி சுற்றுவட்டாரம்வரை தாங்கும். துவாரத்தின் வாயில் அது கருகிப் பொடியாகிவிடும். புகைக்குழாய்க்கென்றே விற்கும் பேஸ்ட் அதைவிட மேல். ஒரு காலத்தில் மெக்கானிக்குகள் ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றைச் சுற்றுவார்கள். நுரையீரலைக் காவு கொடுக்கும் அந்தக் கயிறு இன்னும் எங்கேனும் கிடைத்தாலும் தொட வேண்டாம். உறுதியான வழி, குழாயின் முனையை எக்ஸ்பாண்டர் கொண்டு இம்மியளவு விரித்துத் துவாரத்துக்கு இசைவாக்குவது, அல்லது லேத்தில் துவாரத்தைச் சீராகக் கடைந்து ஒரு புஷ் (உலோக வளையம்) இறக்குவது. இரண்டாவதற்கு ஹெட்டைக் கழற்ற வேண்டும். எப்படியும் வால்வு வேலை நெருங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்தே முடித்துவிடலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

வண்டியை என்ன செய்யப்போகிறோம் என்பதும் தராசில் ஒரு தட்டு. ஐம்பது ஆண்டைத் தாண்டிய வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021இல் விதிகள் வந்தன: புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், ‘விஏ’ என்ற எழுத்துகளோடு எண் பலகை. வண்டி அதன் மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது, கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். அந்தப் பதிவை நாடுபவருக்கு ஸ்டெயின்லெஸ் பொருந்தாத செலவு. அவர் பழைய சரக்கைத் தேடுவதிலும், அசல் சைலன்சரின் அடித்தகட்டை மாற்றுவதிலும் பணத்தைப் போடலாம். சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு ஓட்டும் என்னைப் போன்றவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மழையிலும் உப்புக்காற்றிலும் தினமும் வேலைக்கு ஓட்டுபவர் நல்ல 304இல் சைலன்சரை மட்டும் செய்துகொண்டால் நான் குறை சொல்லமாட்டேன்.

நான் கடைசியில் அசல் பெண்ட் பைப்பை வெல்டு செய்து, நிக்கலுக்குக் கூடுதல் பணம் கொடுத்துப் பூச்சு போட்டு, அளந்து வாங்கிய இரண்டாவது டூப்ளிகேட் சைலன்சரோடு மாட்டியிருக்கிறேன். மாட்டும்போது எந்த போல்ட்டையும் முதலில் இறுக்கவில்லை. பைப்பைத் துவாரத்தில் பேஸ்ட் தடவிச் செருகி, மரச்சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டி உட்கார வைத்து, சைலன்சரை விரல் பிடியில் தொங்கவிட்டு, எல்லாத் துளைகளும் இழுக்காமல் நேருக்கு நேர் வந்தபின், ஹெட் பக்கமிருந்து தொடங்கி வாலை நோக்கி ஒவ்வொன்றாக இறுக்கினேன். பின்தாங்கியில் மிச்சமிருந்த இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியை இழுத்து மூடாமல் வாஷரால் நிரப்பினேன். கிளப்புவதற்கு முன் க்ரோமில் பதிந்த கைரேகைகளையெல்லாம் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தாயிற்று. துடைக்காவிட்டால் முதல் சூட்டிலேயே அவை பழுப்புத் தழும்பாகச் சுட்டுப் பதிந்துவிடும். கிளப்பியதும் பின்முனையை மடித்த கோணித் துணியால் ஒரு நொடி பொத்திப் பார்த்தேன். மேலே துவாரத்தில் ‘புஸ்’ என்ற சத்தம் வரவில்லை, எஞ்சின் திணறி அணையப் போனது. ஐம்பது கிலோமீட்டர் ஓடி ஆறியபின் கிளாம்ப்பில் கால் சுற்று இறுக்கம் கேட்டது.

ஓட்டை விழுந்த பழைய சைலன்சரை எடைக்குப் போடவில்லை. தாங்கித் துளை இருக்கும் இடத்தில் பெயிண்டால் ஒரு வட்டம் போட்டுப் பரணில் வைத்திருக்கிறேன். இதுவும் ஒருநாள் அரித்துப்போகும்போது கடைக்கு எடுத்துச் செல்ல அது வேண்டும்.